வெறும் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை

அண்ணன் நிபால்தோ
வாங்கிய கடனுக்குப் பதிலாக
ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.
எண்பது லிட்டர். மூலையில் சிலிகான் கறுத்திருந்தது.
"உடைந்தால் என்னைக் கேட்காதே" என்றான்,
படியிறங்கும்போதே கணக்கை நேர்செய்துவிட்டவனாய்.

துறைமுகத்தில் லாரிகளை எடைபோடுகிறவள் நான்.
தண்ணீர் எண்பது கிலோ, சரளைக்கல் பன்னிரண்டு,
கண்ணாடி பதினாறு.
நூற்றெட்டு.
நிபால்தோவும் அவன் பொய்களும் சேர்ந்த எடை.
தரைக்கடியில் விட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
குதிகாலால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து
அதற்குக் குறுக்கே, வெயில் விழாத சுவரோரம்
மேசையைப் போட்டேன்.

முதலில் குளியலறையில் வைத்து நிரப்பி
அடியில் பழைய செய்தித்தாள் விரித்து
இரவு முழுக்க விட்டேன்.
காலையில் எல்லாச் செய்திகளும் உலர்ந்தே இருந்தன,
வானிலை அறிக்கையைத் தவிர.
அந்த மூலையைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசினேன்.

கல்லை அரிசி களைவதுபோல் களைந்தேன்.
ஏழாவது தண்ணீரிலும் கலங்கல்.
பதினோராவதில்
என் விரல் நகத்தின் அழுக்கு தெரிந்தது.

கடைக்காரப் பையன் யெர்கோ, புருவத்தில் வளையம்,
மீன் தர மறுத்துவிட்டான்.
"உங்க தண்ணீர் இன்னும் காய். பழுக்கட்டும்.
ஆறு வாரம் கழிச்சு வாங்க."
தன் தொட்டியின் பஞ்சைப் பிழிந்து
பழுப்புச் சாற்றைப் பையில் கட்டிக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை.

மலையேறும் பெட்டியில்
எதிரே உட்கார்ந்த சிறுமி பையையே பார்த்தாள்.
மீன் எங்கே?
இது மீனுக்கு முன்னால் வருவது என்றேன்.
அவள் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தினமும் வேலைக்குப் போகுமுன்
வெறும் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை இரை.
மிதக்கும், ஊறும், அமிழும், அழுகும்.
அழுகவேண்டும் என்பதுதான் ஏற்பாடே.
அழுகலைத் தின்ன வேண்டியவர்கள்
குடிவந்துவிட்டார்களா என்று
சோதனைக் குழாயில் சொட்டு விட்டுக் காத்திருப்பேன்.
மஞ்சளானால் வந்துவிட்டார்கள்.
பச்சை.
மறுநாளும் பச்சை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலைப்பச்சை.
மீனே இல்லாத வீட்டில் மீன்வாடை.

நிறைகுடம் தளும்பாதாம்.
சொன்னவர் வால்பரைசோவில் குடியிருந்ததில்லை.
இருபத்தாறாம் நாள் பின்னிரவு
மலை ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டது.
அலமாரியில் குவளைகள் ஒன்றையொன்று இடித்தன,
கீழ்த்தெருவில் ஒரு கார் தானாக அலறியது.
கதவு நிலைக்கு ஓடவேண்டியவள்
தொட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றேன்.
தண்ணீர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வந்து
ஒன்றரைக் குவளை என் சட்டைக்குள் இறங்கியது.
உள்ளே ஒரு செதில்கூட இல்லை.
அணைத்த கையை எடுக்க
அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஆனது.

நிபால்தோ போன் செய்தான்.
எடுத்தவுடன் "தொட்டி?" என்றான்.
இல்லை, வரிசை மாற்றிச் சொல்கிறேன்.
முதலில் என்னைத்தான் கேட்டான்.

விளிம்புக்கு மூன்று விரல் கீழே
நீல டேப் ஒட்டினேன்.
இனிமேல் தண்ணீர் அதுவரைதான்.
மிச்ச இடம் மலைக்கு.

நாற்பத்தைந்தாம் நாள்
குழாய் மஞ்சளிலேயே நின்றது.
வேலைமுடிந்து போய் ஆறு டெட்ரா வாங்கினேன்.
யெர்கோ இந்தமுறை காசு வாங்கினான்.
பையோடு மிதக்கவிட்டு
இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
திறந்துவிட்டதும்
ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டன.
எண்ணினால் ஐந்து.
மறுபடி எண்ணினால் ஏழு.

இரை டப்பாவைத் திறந்தேன்.
காலையிலேயே, பழக்கத்தில்,
யாருக்கோ போட்டாயிற்று.
மூடி வைத்தேன்.